செஞ்சி மலை அரண்மனையும் புகைப்படச் சாட்சியமும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவன ஏடுகளும் கல்வெட்டுகளும் நாணயங்களுமே. அவற்றிற்குச் சற்றும் குறையாத மற்றொரு சான்று நம் கண்ணெதிரே வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருக்கிறது. அதுதான் கட்டடம். அரசரைப் புகழ்வதற்கென்றே எழுதப்பட்ட ஏடுகள் பல உண்டு. கட்டடமோ தன்னைக் கட்டியவர்களின் கைத்திறனை மறைக்க அறியாதது. வளைவு எவ்வாறு எழுப்பப்பட்டது, கூரை எதன் மீது தாங்கி நிற்கிறது, சாந்து எங்கே புதியது, கல் எங்கே பழையது என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது பல நூற்றாண்டுக் கதையைச் சொல்லும். ஆனால் ஏட்டைப் படியெடுத்து வைப்பதுபோலக் கட்டடத்தைப் படியெடுத்து வைப்பது எங்ஙனம்? இடிந்து வீழ்ந்த பின் அதன் சாட்சியத்தை எங்கே தேடுவது? இவ்வினாக்களுக்குக் கடந்த இரு நூற்றாண்டுகளில் மனிதன் கண்ட விடைகளுள் எல்லோர் கைக்கும் எட்டக்கூடியது புகைப்படம்.

இன்று அந்தக் கருவி இல்லாத வீடு இல்லை. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் உள்ள மண்ணூரையும் அதன் சுற்றுப்புறங்களையும் எண்ணிப் பாருங்கள். ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த அந்த வட்டாரத்தில் இன்று கார்களும் கண்ணாடிகளும் மின்னணுப் பொருள்களும் உருவாகின்றன. காமிரா பொருத்திய கைப்பேசிகள் இலட்சக்கணக்கில் அப்பகுதியிலேதான் பூட்டப்பட்டு உலகெங்கும் செல்கின்றன. பிழைப்பை நாடித் தென் மாவட்டங்களிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் அங்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களும் பல. விடுமுறை நாளில் அவ்விளைஞர்கள் காஞ்சிபுரம், வந்தவாசி வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவில் உள்ள செஞ்சிக்குப் போய் வருகிறார்கள். மலையேறுகிறார்கள்; நூறு படம் எடுக்கிறார்கள். அப்படங்களுள் நாம் கண்டவற்றில் பெரும்பாலானவை முகங்களே. அரண்மனை அம்முகங்களுக்குப் பின்னே திரைச்சீலைபோல் மங்கி நிற்கிறது.

முகம் எடுப்பதை நாம் குறை கூறவில்லை. நண்பர்களின் நினைவுக்கு அதுவும் வேண்டும். ஆயினும் அதே கருவியால், அதே நாளில், ஒரு வரலாற்றுச் சான்றையும் படைத்துவிட்டு வரலாம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல பெயர் பூண்ட கோட்டை

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம் – திருவண்ணாமலைச் சாலையில் அமைந்தது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை முக்கோணமாக இணைத்து எழுந்த மதில்கள் பல கிலோமீட்டர் ஓடுகின்றன. இவற்றுள் உயர்ந்தது ராஜகிரி. ஏறத்தாழ 800 அடி. அதன் உச்சியை அடையுமுன் பாறையில் ஓர் ஆழமான பிளவு குறுக்கிடும். அதன் மீது போடப்பட்ட பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு வழியில்லை. சிலரே நின்று பலரைத் தடுத்துவிடக்கூடிய அமைப்பு அது.

விஜயநகரப் பேரரசின் கீழ் 16ஆம் நூற்றாண்டில் செஞ்சியை ஆண்ட நாயக்கர்கள் அதைப் பெருநகராக்கினர். 1597ஆம் ஆண்டு இங்கு வந்த பிமெந்தா என்னும் ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகலின் எந்நகரையும்விட இது பெரிது என்று வியந்து எழுதி வைத்தார். 1648-49இல் பிஜப்பூர் சுல்தானின் படைகள் கோட்டையைக் கைப்பற்றின. 1677இல் சிவாஜி அதை வென்று அரண்களை வலுப்படுத்தினார். அவருடைய மகன் ராஜாராம் இங்கு வந்து தங்க, ஆலம்கீர் அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகையிட்டார். அம்முற்றுகை 1698 வரை நீண்டது. பின்னர் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி, 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் வெற்றி, 1761இல் ஆங்கிலேயர், 1780இல் சிறிது காலம் ஹைதர் அலி என்று கைமாறி, அதன்பின் கோட்டை போர்க்களத்திலிருந்து ஓய்வு பெற்றது.

ஆட்சி மாறியபோதெல்லாம் பெயரும் மாறியது. பிஜப்பூரார் பாதுஷாபாத் என்றனர். மராட்டியர் சண்டி என்றனர். மொகலாயர், நுஸ்ரத் ஜங் என்னும் பட்டம் பெற்ற சுல்பிகார் கானின் நினைவாக நுஸ்ரத்கட் என்றனர். ஐரோப்பியர் ஜிஞ்சி என்றனர். தமிழ் மக்களின் நாவில் மட்டும் அது என்றும் செஞ்சியாகவே இருந்தது.

கல்லில் கலந்த கைகள்

ராஜகிரியின் அடிவாரத்தில் அரண்மனை வளாகம் பரந்து கிடக்கிறது. அதில் எவர் கண்ணையும் முதலில் கவர்வது கல்யாண மகால். சதுரமான முற்றம், அதைச் சுற்றி வளைவுகள் கொண்ட தாழ்வாரங்கள், நடுவே அடுக்கடுக்காக உயர்ந்து, கூம்பு வடிவக் கூரையில் முடியும் ஒரு கோபுரம். ஒவ்வோர் அடுக்கும் ஒரு சிறிய அறை. அறையைச் சூழ்ந்து வளைவு மாடம். வெளியிலிருந்த நீர்நிலையிலிருந்து சுட்ட மண் குழாய்கள் வழியாக மேல் அடுக்குக்கு நீர் கொண்டுசென்ற ஏற்பாட்டின் தடயங்களும் உண்டு.

இக்கட்டடத்தைக் கூர்ந்து நோக்குவோர் ஓர் உண்மையைக் காண்பர். மேலே உள்ள கூம்புக் கூரை தென்னாட்டுக் கோயில் விமானத்தின் உறவினம். கீழே உள்ள கூர்முனை வளைவுகளோ தக்காணத்து சுல்தான்களின் குல்பர்காவிலும் பிஜப்பூரிலும் வளர்ந்த மரபைச் சேர்ந்தவை. விஜயநகர மன்னர்களின் தலைநகரான ஹம்பியில் உள்ள தாமரை மகாலிலும் இதே கலவையைக் காணலாம். போர்க்களத்தில் சுல்தான்களோடு மோதிய அதே மன்னர்கள், தங்கள் அரண்மனைக்கு அவர்களுடைய கட்டடக் கலையை மனமுவந்து ஏற்றுக்கொண்டனர். கோயிலுக்குத் தூணும் உத்தரமும், அரசமாளிகைக்கு வளைவும் குவிமாடமும் என்று ஒரு பகுப்பே அக்காலத்தில் நிலவியது. கொத்தனின் கரணைக்கு மதம் எல்லை வகுக்கவில்லை.

கல்யாண மகாலுக்கு அருகில் உள்ள நெற்களஞ்சியத்தின் கமான் கூரை, இலாயங்களின் வரிசையான வளைவறைகள் ஆகியவற்றிலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் செய்த வித்தையைக் காணலாம். குறுக்கே ஒரு மரச்சட்டமும் இன்றி, ஒன்றையொன்று நெருக்கியே நிற்கும் செங்கற்கள் அவை.

மலைமீதே அமைந்த மாளிகையைக் காண விரும்புவோர் கிருஷ்ணகிரிக்கு ஏற வேண்டும். ராஜகிரியைவிடச் சிறிய குன்று. பயணிகள் பலர் ஏறாமலே திரும்பிவிடுகின்றனர். அதன் உச்சியில் களஞ்சியங்களும், எண்ணெயும் நெய்யும் சேமிக்கப் பாறையில் அமைத்த தொட்டிகளும், கோயில்களும் உண்டு. அவற்றோடு குவிமாடம் வேய்ந்த ஒரு கொலு மண்டபமும் இருக்கிறது. நாற்புறமும் வளைவுகள், நடுவே ஆசனத்திற்குரிய மேடை. வளைவுகளின் ஊடே புகுந்து வரும் காற்றை நுகர்ந்தவாறு, எதிரே ராஜகிரியையும் கீழே வயல்களையும் ஆள்வோர் கண்டிருப்பர். கட்டடத்தையும் அதைச் சூழ்ந்த நாட்டையும் ஒருசேரக் காட்டும் படம் எடுக்க இதனினும் ஏற்ற இடம் செஞ்சியில் இல்லை.

கீழ்க்கோட்டையில் வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் நிற்கின்றன. கோயில் நாயக்கர் காலத்தது. அதன் வேலைப்பாடு மிக்க கல்தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டு சென்றனர். இன்று புதுவைக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பவை அத்தூண்களே. பள்ளிவாசல் 1717-18இல் எழுந்தது. பாரசீக மொழிக் கல்வெட்டு அதன் காலத்தைப் பறைசாற்றுகிறது.

இருட்டறையிலிருந்து சென்னை வரை

இத்தகைய கட்டடங்களைப் படியெடுக்கும் கருவியின் வரலாற்றில் நம் முன்னோர் ஒருவருக்கும் இடமுண்டு. பஸ்ராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைத்தம், ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதையும், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என்பதையும் சோதனைகளால் நிறுவினார். இருட்டறைக்குள் சிறு துளை வழியே ஒளியைச் செலுத்தி அவர் செய்த ஆய்வுகள் ‘கிதாபுல் மனாழிர்’ முதலிய நூல்களில் விளக்கப்பட்டுள்ளன. அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பல நூற்றாண்டுகள் ஆசானாக விளங்கியது. இருட்டறையில் விழுந்த பிம்பத்தை நிலைநிறுத்தும் இரசாயன வித்தை 1839இல் பாரிஸிலும் லண்டனிலும் அறிவிக்கப்பட்டபோது புகைப்படக்கலை பிறந்தது.

அது நம் மாநிலத்திற்கு வர நீண்ட காலம் பிடிக்கவில்லை. சென்னைக் கலைப்பள்ளியை 1850இல் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் முன்னின்று, 1856இல் சென்னைப் புகைப்படச் சங்கத்தை நிறுவினார். அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். 1857 டிசம்பரில் அவர் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றி, கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் மெழுகு பூசிய தாளில் படமாக்கினார். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இராயக்கோட்டை மலைக்கோட்டையும் அவருடைய தொகுதிகளில் இடம் பெற்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீள் சுருளாக்கினார். கல்லைப் படிப்பவர்களுக்குப் புகைப்படம் எவ்வளவு உதவும் என்பதற்கு அது முன்னோடி. ஆனால் 1859இல் புதிய ஆளுநர் டிரிவெல்யன், செலவைச் சுருக்கும் நோக்கில் அப்பணியையே நிறுத்திவிட்டார்.

டிரைப்பின் உழைப்பால் விளைந்த பயனை மதுரையில் காணலாம். திருமலை நாயக்கர் மகாலை அவர் படமெடுத்தபோது அது பாழடைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதன் அருமை உணர்ந்து, கட்டடக் கலைஞர் சிஷம் துணையுடன் பழுது பார்க்கச் செய்தார். இன்று நாம் காணும் மகாலில் நாயக்கர் காலத்து வேலை எது, நேப்பியர் காலத்துச் சேர்க்கை எது என்று பிரித்தறிய முயல்பவருக்கு, 1858ஆம் ஆண்டுப் படங்கள் விலைமதிப்பற்ற சாட்சி.

இதைவிடத் தெளிவான சான்று ஸ்பெயின் நாட்டில் உண்டு. கிரானடாவின் குன்றின்மேல் நாஸிரிய சுல்தான்கள் எழுப்பிய அல்ஹம்ரா அரண்மனையை அறியாத முஸ்லிம் வீடு இராது. அதன் சிங்க முற்றத்தின் கிழக்கு மண்டபத்தின் மீது, 1859இல் ரஃபேல் கொன்ட்ரேராஸ் என்னும் பழுதுபார்ப்பாளர் வண்ண ஓடுகள் பதித்த ஒரு குவிமாடத்தை அமைத்தார். கீழை நாட்டுக் கட்டடமென்றால் குவிமாடம் இருக்க வேண்டும் என்பது அவர் காலத்து ஐரோப்பியரின் கற்பனை. முக்கால் நூற்றாண்டுக் காலம் அங்கு வந்தோர் அதையே சுல்தான்களின் கைவண்ணம் என்று எண்ணி வியந்தனர். அரண்மனையின் காப்பாளராக இருந்த டோரஸ் பல்பாஸ், 1930களின் நடுவில் கடும் எதிர்ப்புக்கிடையே அக்குவிமாடத்தை அகற்றி, பழைய மரபுக்கேற்ற ஓட்டுக் கூரையை அமைத்தார். அந்தப் பழைய புகைப்படங்களை இன்று புரட்டினால் ஒன்றில் குவிமாடம் இருக்கும், மற்றொன்றில் இராது. படம் எடுத்த ஆண்டு தெரிந்திருந்தால் அது வரலாறு. தெரியாவிட்டால் வெறும் குழப்பம். படத்தோடு தேதி சேர வேண்டிய இன்றியமையாமையை அல்ஹம்ரா நமக்குப் போதிக்கிறது.

ஜெர்மனியில் மைடன்பவர் என்னும் இளைஞர் 1858இல் வெட்ஸ்லார் நகரத் தேவாலயத்தை அளக்க உயரே ஏறியபோது, தவறி விழும் நிலைக்கு ஆளாகி உயிர் தப்பினார். ‘ஏறி அளப்பதற்குப் பதிலாகப் படத்திலிருந்தே அளந்தால் என்ன?’ என்று அவர் எண்ணியதன் விளைவாகப் புகைப்பட அளவைக் கலை பிறந்தது. ஒரே கட்டடத்தைப் பல இடங்களில் நின்று, ஒன்றையொன்று தழுவும் வகையில் படமெடுத்தால், அவற்றைக் கொண்டு அதன் நீள அகல உயரங்களைக் கணக்கிடலாம். இன்று கணிப்பொறிகள் கைப்பேசிப் படங்களைக் கொண்டே அவ்வேலையைச் செய்து முடிக்கின்றன. ஆதலால் இன்று ஓர் இளைஞர் முறையாக எடுத்து வைக்கும் நாற்பது படங்கள், நாளை ஒரு பொறியாளர் அக்கட்டடத்தின் வரைபடத்தையே மீட்க உதவக்கூடும்.

சாட்சி சொல்லும் படம் எடுக்கும் முறை

இம்முறை கடினமானதன்று. நாம் அறிந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, ஒளி. காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலே கல்லின் மேடுபள்ளங்களைக் காட்டும். உச்சி வெயிலில் தாழ்வாரங்கள் இருண்டுவிடும், மேல்தளம் வெளிறிவிடும். நம் நாட்டிலிருந்து கிப்லா மேற்கே அமைவதால் பள்ளிவாசல்களின் முகப்பு கிழக்கு நோக்கியே இருக்கும். ஆகவே எந்தப் பள்ளியின் முகப்பையும் காலையில் எடுப்பதே சிறப்பு. ஆனால் அதே முகப்பில் உள்ள கல்வெட்டுக்கு, வெயில் நேராக விழும் வேளை ஆகாது. ஞாயிறு மேலேறி, ஒளி சுவரைத் தடவினாற்போல் இறங்கும்போதுதான் எழுத்துகளின் ஓரத்தில் நிழல் படிந்து அவை துலங்கும்.

இரண்டாவது, நேர்மை. கோபுரத்தின் அடியில் நின்று காமிராவை அண்ணாந்து பிடித்தால் செங்குத்துச் சுவர்கள் மேலே செல்லச் செல்ல நெருங்கி, கட்டடம் பின்னோக்கிச் சாய்வதுபோல் தோன்றும். கல்யாண மகாலின் கூம்புக் கூரை அத்தகைய படத்தில் தன் உண்மை வடிவை இழந்துவிடும். பின்வாங்கி நின்று காமிராவைச் சமமாகப் பிடிக்க வேண்டும். இயன்றால் எதிரே ஒரு மேட்டில் ஏற வேண்டும். ராஜகிரிப் படிகளில் சற்று ஏறித் திரும்பிப் பார்த்தால் மகாலும் முற்றமும் களஞ்சியமும் வரைபடம் விரித்தாற்போல் கீழே கிடக்கும். கைப்பேசியின் அகலக் கோண லென்ஸ் ஓரங்களை இழுத்துக் கோணலாக்கும். தள்ளி நின்று சாதாரண லென்ஸால் எடுப்பதே நல்லது.

மூன்றாவது, முழுமை. அழகான பக்கத்தை மட்டும் எடுப்பது சாட்சியாகாது. நான்கு பக்கம், நான்கு மூலை, உட்புறம், கூரையின் அடிப்பகுதி, தூணின் போதிகை, வாயில் நிலை, இடிந்த மூலை, விரிசல் யாவும் வேண்டும். இடிந்த மூலை அழகற்றதாயினும், சுவரின் உள்ளே கல் எவ்வாறு அடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் சாளரம் அதுவே.

நான்காவது, அளவு. ஓர் அடிக்கோல், அல்லது அடிக்கு ஒன்றாக முடிச்சிட்ட கயிறு ஏதேனும் படத்தின் ஓரத்தில் இருக்கட்டும். உயரம் தெரிந்த ஓர் ஆள் நின்றாலும் போதும். முகங்களுக்கும் இவ்வாறு ஒரு பணி கிடைத்துவிடுகிறது!

ஐந்தாவது, குறிப்பு. நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். கைப்பேசி தேதியைத் தானே பதிந்து கொள்கிறது என்பது உண்மையே. ஆனால் வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பியதும் அப்பதிவு கழன்றுவிடுகிறது, படமும் சுருங்கிவிடுகிறது. மூலத்தைத் தனியே சேமித்து, சிறந்தவற்றைத் தாளில் அச்சிட்டுப் பின்புறம் விவரம் எழுதி வைப்பதே பாதுகாப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரைப் தம் படங்களின் வெறுமையான வானத்தில் தூரிகையால் மேகம் தீட்டினார். இன்றைய கைப்பேசியோ கேளாமலே வானத்தை நீலமாக்கிக் கல்லையும் மெருகூட்டுகிறது. அவ்வசதிகளை நிறுத்திவிட்டு எடுப்பதே சாட்சிக்கு அழகு.

செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. முக்காலியும் பறக்கும் காமிராவும் பயன்படுத்த முன்னனுமதி வேண்டும். கையில் பிடித்து எடுப்போர்க்கு அத்தொல்லை இல்லை. பிற்பகலுக்கு மேல் ராஜகிரி ஏற விடுவதில்லையாதலின், விடியலில் புறப்படுவது நலம். குரங்குகளிடமிருந்து உணவையும், குடிநீர்ப் புட்டிகளையும், ஏன், காமிராவையும் காத்துக்கொள்வது அவரவர் பொறுப்பு!

படம் சொல்லாத செய்தி

இத்தனை கவனத்தோடு எடுத்தாலும் படம் தனித்து நின்றால் பாதிக் கதையைத்தான் சொல்லும். சாதத்துல்லா கான் பள்ளிவாசலையே எடுத்துக்கொள்வோம். அது வெற்றியின் நினைவாக எழுந்தது. வெல்லப்பட்டவர் யார்? மொகலாயர் காலத்தில் செஞ்சிக் கோட்டையைக் காத்த பந்தேல ராஜபுத்திரர் சொரூப் சிங்கின் மகன் தேஜ் சிங். தமிழ் மக்கள் தேசிங்கு ராஜன் என்று பாடும் இளைஞர். தந்தைக்குப் பின் கோட்டையை ஏற்ற அவர், ஆர்க்காட்டு நவாபுக்குப் பணிய மறுத்து 1714இல் போரில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 22 என்பர்.

பாளையும் சிறு படையுமாக நின்ற அந்த இளைஞரைப் பற்றித் தமிழகத்துக் கிராமங்கள் கதைப்பாடல் கட்டின. அப்பாடலில் தேசிங்குக்கு உயிரினும் இனிய தோழன் யார் தெரியுமா? மகமத்கான் என்னும் முஸ்லிம் வீரன். தன் திருமண வேளையில் நண்பனின் அழைப்பு வந்ததும், மணமாலையைக் கழற்றி வைத்து, நீலவேணி என்னும் குதிரையேறிப் போர்க்களம் சென்று உயிர் நீத்தவனாக அவனைப் பாடுகிறது அக்கதை. போர் நிகழ்ந்தது இரு மதங்களுக்கிடையே அன்று என்பதைப் பாமர மக்கள் நன்கு அறிந்திருந்தனர். கப்பம் கேட்ட நவாபும் மறுத்த கோட்டைத் தலைவரும் மோதிய போர் அது. இரு பக்கத்திலும் இரு சமயத்தாரும் இருந்தனர். பள்ளிவாசலை மட்டும் படமெடுத்து ‘வெற்றிச் சின்னம்’ என்று எழுதினால் ஒரு செய்தி. அதனருகே மகமத்கானின் பெயரையும் எழுதினால் முழுச் செய்தி. படத்தின் அடியில் எழுதும் இரண்டு வரிக்கு இத்துணை ஆற்றல் உண்டு.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. மராட்டியரின் போர்த்திறனைக் காட்டும் 12 கோட்டைகளின் தொகுப்பில், மகாராஷ்டிரத்திற்கு வெளியே உள்ள ஒன்றே ஒன்று செஞ்சி. இது தமிழகம் முழுவதும் மகிழத்தக்க பெருமை. கோட்டையின் பாதுகாப்புக்கும் துணை புரியும். மராட்டியர் இங்கு ஆண்டது சற்றேறக்குறைய 21 ஆண்டுகள். அதற்கு முன் நாயக்கர், இடையில் பிஜப்பூரார், பின் மொகலாயர், நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். ஒரு பெயரின் கீழ் உலகப் புகழ் பெற்ற இடத்தில் மற்றப் பெயர்கள் மெல்ல மங்கிவிடுவது இயல்பு. அவற்றை மங்கவிடாமல் காப்பதற்குக் கூச்சலும் வழக்கும் தேவையில்லை. வளைவையும் விமானத்தையும் பாரசீக எழுத்தையும் ஒன்றாகக் காட்டும், தேதியிட்ட, நேர்மையான படங்கள் போதும். அவற்றை மறுக்க எவராலும் இயலாது.

நம் வாசலில் உள்ள செஞ்சி

செஞ்சிக்குத் தொல்லியல் துறை உண்டு, யுனெஸ்கோ உண்டு, 1943இலேயே பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதிய வரலாற்று நூலும் உண்டு. நம் ஊர்ப் பள்ளிவாசல்களுக்கு யார் உண்டு?

தமிழகக் கடற்கரை நெடுகிலும், கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மற்ற ஊர்களிலும், கற்றூண்களும் போதிகைகளும் கொண்டு நம் முன்னோர் எழுப்பிய பழம்பள்ளிகள் உள்ளன. கோயில் கட்டிய தச்சர் மரபே உருவங்களை விடுத்து, பூவும் கொடியும் செதுக்கிக் கட்டித் தந்த இறையில்லங்கள் அவை. கல்யாண மகாலில் கோயில் விமானமும் சுல்தான்களின் வளைவும் கைகோத்ததுபோல், இப்பள்ளிகளில் திராவிடத் தூணும் மிஹ்ராபும் கைகோத்தன. உள்நாட்டில் சிற்றூர்தோறும் ஓட்டுக்கூரைப் பள்ளிகளும் சுண்ணாம்பு மினாராக்களும் இருந்தன.

அவற்றுள் எத்தனையோ இன்று இல்லை. ஜமாஅத் பெருகுகிறது, தொழுகைக்கு இடம் போதவில்லை, கூரை ஒழுகுகிறது. முத்தவல்லிகளும் கொடையாளர்களும் நல்ல எண்ணத்தோடுதான் பழையதை இடித்துப் புதியதைக் கட்டுகின்றனர். தொழுவோரின் தேவைக்கு முன்னுரிமை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. இடிப்பதற்கு முந்திய வாரம் ஒரு நாள், ஒரு காலைப் பொழுது, பழைய பள்ளியை முறையாகப் படமெடுத்து வைத்தார்களா என்பதே நம் கேள்வி. திறப்பு விழா மலரில் புதிய கட்டடத்தின் வண்ணப் படங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பழைய பள்ளியின் ஒரு படத்தைத் தேடினால், எவர் வீட்டுத் திருமணப் படத்திலோ மணமகனுக்குப் பின்னே பாதித் தூண் தெரிகிறது. நாளை ஒருவர் ‘இவ்வூரில் உங்கள் பள்ளி எத்தனை ஆண்டாக இருக்கிறது? சான்று என்ன?’ என்று வினவினால், கண்ணாடி ஓடு பதித்த புதுச் சுவர் எதைக் காட்டும்? முந்நூறு ஆண்டு உறவை மூன்றாண்டுச் சிமெண்டு சொல்லாது.

செய்ய வேண்டியது சிறிது. முகப்பு, உள்பள்ளி, மிஹ்ராப், மிம்பர், ஹவுழ், மரக்கதவு, தூண்கள், கூரை, கல்வெட்டு, அடக்கத்தலத்தின் மீஸான் கற்கள் ஆகிய ஒவ்வொன்றையும் நாம் மேலே சொன்ன ஐந்து முறைப்படி எடுக்க வேண்டும். ஊர் முதியவரிடம் எது எப்போது சேர்க்கப்பட்டது என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு படி ஜமாஅத் அலுவலகத்தில், ஒரு படி கல்லூரி நூலகத்தில், ஒரு படி எடுத்தவர் வீட்டில் என்று மூன்று இடத்தில் வைக்க வேண்டும். ஆயிரம் ரூபாயும் செலவாகாத பணி இது.

மண்ணூரில் பணிபுரியும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் செஞ்சிக்குச் சென்று கை பழகுங்கள். கிருஷ்ணகிரியின் கொலு மண்டபத்தையும், கல்யாண மகாலின் நான்கு பக்கங்களையும், சாதத்துல்லா கான் பள்ளியின் முகப்பையும் பொறுமையாக எடுங்கள். பின்னர் பெருநாளுக்குச் சொந்த ஊர் போகும்போது, பழகிய அக்கையோடு உங்கள் பாட்டனார் தொழுத பள்ளியின் முன் ஒரு காலைப் பொழுது நில்லுங்கள். அப்பள்ளி இன்னும் நின்றுகொண்டிருந்தால், அந்தக் காலைப் பொழுதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.